கம்ப்யூட்டருக்குக் கிணறு அளந்தவன்

கட்டம் போட்ட தாளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், கட்டத்துக்கு ஓர் எண்ணாக எழுதிக்கொண்டு வந்து கொடுக்கிற வேலைக்கு எங்கள் ஆபீசில் கள உதவியாளர் என்று பெயர். கிராமத்தில் அதற்குப் பெயரே கிடையாது, "எய்திக்கினு போறவரு" என்பார்கள்.

உத்திரமேரூரில் பதினேழு வருடம் அந்த வேலை பார்த்தேன். சென்னையில் ஒரு கல்வி நிலையத்தில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. இப்போது சூப்பர் கம்ப்யூட்டர் என்று பேப்பரில் போடுகிறார்கள். அன்றைக்கு அந்த வார்த்தை எங்களுக்குத் தெரியாது. இதைவிடப் பெரியது இந்தப் பக்கத்தில் இல்லை என்று மட்டும் சொல்லிக்கொள்வோம். மழையை ஆராய்கிறவர், நெல்லை ஆராய்கிறவர், சோகை நோயைப் படிக்கிற டாக்டர், கல்வெட்டு படிக்கிறவர், நிலத்தடி நீரைத் தேடுகிறவர் எல்லோருக்கும் அது ஒன்றுதான். அத்தனை பேருக்கும் மாதிரி வட்டாரம் ஒன்று தேவைப்பட்டது. உத்திரமேரூரைத் தேர்ந்தெடுத்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் ஆபீஸ் வைத்தார்கள். விஞ்ஞானிகள் மேஜையில் இருந்தார்கள். வெயிலில் நான் இருந்தேன்.

என்னைப் போலவே யாருக்காகவோ எதையோ பூர்த்தி செய்து ஆயுளைக் கழித்த நண்பர்கள் இதைப் படிக்கக்கூடும். ஜனத்தொகை எடுத்தவர்கள், ரேஷன் கார்டு சரிபார்த்தவர்கள், மாட்டுக் காதில் எண் கட்டியவர்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஐம்பத்து மூன்று வயதில் உட்கார்ந்து யோசித்தால், எழுதிய எண்கள் எதுவும் ஞாபகம் வருவதில்லை. எழுதாமல் விட்டவைதான் வருகின்றன.

அட்டைக் கட்டு

மாதம் ஒருமுறை தாள்களைக் கட்டி எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் வழியாகச் சென்னைக்குப் பஸ் ஏறுவேன். கம்ப்யூட்டர் இருந்த அறைக்குள் எங்களை விட மாட்டார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். உள்ளே ஆளை நடுக்குகிற குளிர், பீரோ பீரோவாக வரிசை. பக்கத்து ஹாலில் கோமதி என்ற பஞ்ச் ஆபரேட்டர் என் எண்களை அட்டைகளில் ஓட்டைகளாகப் போட்டுத் தருவார். அந்த அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, ஜன்னலுக்கு எதிரே வரிசையில் நிற்க வேண்டும். ஜன்னலுக்குள் இருக்கிறவர் ஒவ்வொரு கட்டாக வாங்கி மெஷினுக்கு ஊட்டுவார்.

முதல் தடவை எனக்கு முன்னால் ஒரு டாக்டர் நின்றிருந்தார். ரத்தப் புற்றுநோய்க்காரர்களின் விவரம் அவர் கட்டில் இருந்தது. எந்த மருந்து எத்தனை மாதம் கூடுதலாக ஆயுள் கொடுத்தது என்று கேட்க வந்திருந்தார். அவருக்கு முன்னால் பாலத்தின் தூண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கேட்க வந்த இன்ஜினியர். அவருக்கும் முன்னால் நட்சத்திரம் பார்க்கிற ஒருவர். என் கட்டில் கிராமத்துக் கிணறுகள். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஜன்னல்காரரிடம், என்னுடையது வெறும் கிணறுதான், டாக்டருடையதை முதலில் விட்டுவிடுங்கள் என்றேன். அவர் தலையைத் தூக்கவில்லை.

"இதுக்கு நட்சத்திரமும் நோயாளியும் கிணறும் ஒண்ணுதான் சார். எல்லாம் அட்டை. கட்டை மட்டும் கீழ போட்டுடாதீங்க, அப்புறம் உங்க கிணத்துல நட்சத்திரம் வந்துடும்."

பதர்

நெல் ஆராய்ச்சிக்காரருக்கு ஒரு கதிரில் எத்தனை மணி, அதில் எத்தனை பதர் என்று வேண்டும். அறுப்புக்கு முந்தின வாரம் வயலில் உட்கார்ந்து கதிர் கதிராக உருவி எண்ணுவேன். வயலின் சொந்தக்காரர் ஒருவர், வேலையைப் போட்டுவிட்டு என் பின்னாலேயே நின்று பார்த்தார். இது எதற்கு என்று கேட்டார். நாற்பது வயல், நாற்பது விதமான மண், மழை, உரம், எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் ஒன்றாகப் போட்டுக் கலக்கி, எந்த விதை எந்த மண்ணுக்கு ஆகும் என்று சொல்லும். ஒரு மனிதன் உட்கார்ந்து போட்டால் அவன் பேரன் காலத்தில்தான் முடியும் என்றேன். ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"அத்தெல்லாம் சரி நைனா. பதரு ஏன் வந்துச்சின்னு நான் ஒன்ன கேக்கறேன், எத்தினி பதருன்னு நீ என்ன கேக்கற."

கல்லும் பேப்பரும்

கல்வெட்டுக்காரரின் சந்தேகம் வேறு மாதிரி. உத்திரமேரூர்க் கோயில் சுவர்களில் இருக்கிற எழுத்தை எல்லாம் ஒரே கல்தச்சன் வெட்டினானா, பல பேர் வெட்டினார்களா? ககரத்தின் வளைவு எப்படி, மகரத்தின் வயிறு எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து எழுதிக்கொண்டு வந்தால் யார் கை எது என்று கம்ப்யூட்டர் பிரித்துவிடும் என்றார். இரண்டு வாரம் கோயிலில் உட்கார்ந்தேன். எழுதுவேன், தப்பு என்று அடிப்பேன், தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு வேறு தாள் எடுப்பேன். காவல்காரர் கசக்கிய தாள்களைப் பொறுக்கிக்கொண்டே வந்தார். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இத்த வெட்டுனவன் ஒரு எய்த்து தப்பா போனா அப்படியே நின்னுடும்னு பயந்துக்கினு வெட்டிருப்பான். ஒனக்கு இன்னா, பேப்பரு."

எம்பொண்ணுக்கு எவ்ளோ

இனிமேல் சொல்லப்போவது எல்லாம் ஒரே கிராமத்தில் நடந்தது. உத்திரமேரூரிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். பெயர் வேண்டாம், அங்கே இருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊர் ஒரு பக்கம், ஏரிக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் அரை மைல் தள்ளிக் காலனி. காலனியில் எஸ்தர் என்ற பெண், நாற்பது வயதிருக்கும், நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவர். சோகை ஆராய்ச்சிக்காக நர்சோடு போய்ப் பிள்ளைகளின் விரல் நுனியில் ரத்தம் எடுத்தபோது, பயந்து ஓடின பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார வைத்தது அவர்தான். தன் மகளையே முதலில் உட்கார வைத்தார்.

சில மாதம் கழித்து வேறு வேலையாகப் போனபோது மகளின் ரத்தம் எப்படி இருந்தது என்று கேட்டார். எண்களைச் சென்னையில் கொடுத்தாயிற்று. அங்கிருந்து வந்த காகிதத்தில் தாலுகாவின் சராசரிதான் இருந்தது. பொதுவாக இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ரத்தம் குறைவு என்று கம்ப்யூட்டர் சொல்கிறது என்றேன். அதைச் சொல்லும்போது என் குரலில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்திருக்க வேண்டும்.

"எல்லாருக்கும் கம்மின்னு எங்களுக்கே தெரியும் சார். எம்பொண்ணுக்கு எவ்ளோன்னு தான் கேட்டேன்."

ஒரே ஒரு பம்பு

அந்த வருடம்தான் நிலத்தடி நீர் ஆராய்ச்சி தொடங்கியது. ஜூலையிலிருந்து அடுத்த ஜூன் வரை மாதா மாதம் கிணறுகளில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று அளக்க வேண்டும். அதைக் கம்ப்யூட்டர் வரிசைப்படுத்தும். அந்த வரிசையைப் பார்த்து அரசாங்கம் போர் போட்டுக் கைபம்பு வைக்கும். இந்தக் கிராமத்துக்கு ஒரு பம்பு. ஊர்த் தெருவிலா, காலனியிலா என்பதை மெஷின் சொல்லும். அதுவரை இந்த மாதிரி விஷயத்தை யார் சொல்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் மெஷின் சொல்லட்டும் என்பதில் எனக்கே ஒரு சந்தோஷம் இருந்தது.

எஸ்தரிடம் இதைச் சொன்னேன். காலனிக் கிணறு கோடையில் சேறாகிவிடும். அப்போது எல்லோரும் குடத்தை எடுத்துக்கொண்டு ஊரின் பெரிய விவசாயி தெய்வசிகாமணியின் மோட்டார் கொட்டகைக்குப் போவார்கள். அவர் ஒருநாளும் தண்ணீர் இல்லை என்று சொன்னதில்லை. ஆனால் அங்கே குடம் நிரப்புகிறவர்கள் அவர் கூப்பிட்ட அன்றைக்கு அவர் வயலுக்குத்தான் போக வேண்டும், அவர் கொடுக்கிற கூலிக்கு. அதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. பக்கத்து ஊரில் கூடுதலாகக் கூலி கொடுத்துக் கூப்பிட்டபோதும் இவர்கள் போக முடிந்ததில்லை. இதை எல்லாம் எஸ்தர் புகாராகச் சொல்லவில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னார். கடைசியில் நிமிர்ந்தார்.

"சொந்தமா ஒரு பம்பு வந்துச்சின்னா, 'இன்னிக்கு வர முடியாது'ன்னு ஒரு வாட்டியாவது அவராண்ட சொல்லிப் பாப்பேன் சார். எப்படி கீதுன்னு பாக்கணும்."

மோர்

கிணறு அளக்கிற வேலை கஷ்டமில்லை. இரும்பு டேப்பின் கீழ்ப் பகுதியில் சாக்பீஸ் தடவி, கிணற்று விளிம்பில் குறித்திருக்கிற இடத்திலிருந்து உள்ளே இறக்க வேண்டும். மேலே இழுத்தால், நனைந்த இடத்தில் சாக்பீஸ் நிறம் மாறியிருக்கும். நனைந்த நீளத்தைக் கழித்து எழுத வேண்டியதுதான். ஊரில் மூன்று கிணறு, காலனியில் ஒன்று. ஊர்க் கிணறு மூன்றும் பத்து மணிக்குள் முடிந்துவிடும். தெய்வசிகாமணி வீட்டில் கூடத்தில் நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, பிறகு சாப்பாடும் போடுவார். நல்ல மனிதர். என் சைக்கிளில் காற்று இருக்கிறதா என்றுகூடப் பார்ப்பார்.

முதல் மாதம், காலனிக்குப் போய் அளந்துவிட்டு வந்து சாப்பிடுகிறேனே என்றேன். அவர் முகம் மாறவில்லை. பிள்ளைக்குப் பாதை சொல்கிற மாதிரிச் சொன்னார். நானும் இப்படி ஓர் ஊர்த் தெருக் குடும்பம்தான். அவர் சொன்னது எனக்கு விநோதமாகப் படவில்லை. அதை எழுதத்தான் இப்போது கை தயங்குகிறது. சாப்பாட்டை விட்டிருக்கலாம். பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு விடிந்ததும் நேரே காலனிக்குப் போயிருக்கலாம். பன்னிரண்டு மாதத்தில் ஒரு மாதம்கூட எனக்கு அது தோன்றவில்லை.

"காலனிக்கு கடசியா போ தம்பி. அளந்துட்டு அப்படியே ரோட்டு பக்கமா உத்திரமேரூர் போய்டு. திரும்பி இங்க வராத, இன்னா?"

காரணம் மூன்று

ஆக, காலனிக் கிணறு எப்போதும் கடைசி. வயிறு நிறைந்த பிறகு, உச்சி வெயிலில், கால்வாய்க் கரையில் சைக்கிளை விட்டுவிட்டு வரப்பு மேல் அரை மைல் நடை. மழை மாதங்களில் போனேன். பனி மாதங்களில் போனேன். மார்ச்சில் கரை வரை போய் நின்றேன். தலை சுற்றுகிற மாதிரி இருந்தது. அல்லது சுற்றுகிற மாதிரி இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த மாதம் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பினேன். தண்ணீர் ஆழத்தைச் சேர்த்துப் பார்க்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஏப்ரலில் கரை வரைகூடப் போகவில்லை. மே, ஜூன் சொல்லவே வேண்டாம். ஊர்க் கிணறுகளில் ஒரு மாதமும் தவறவில்லை.

அளக்காவிட்டால் என்ன எழுத வேண்டும் என்று படிவத்திலேயே இருந்தது. ஆழத்துக்கான கட்டங்களில் ஒன்பது ஒன்பதாக நிரப்ப வேண்டும். பக்கத்துக் கட்டத்தில் காரணத்தின் எண். ஒன்று, கிணறு வற்றிவிட்டது. இரண்டு, அனுமதி கிடைக்கவில்லை. மூன்று, உதவியாளர் போகவில்லை. ஒன்று என்று எழுதினால் பார்க்காமல் எழுதுவதாகும். மூன்று என்று எழுத மனம் வரவில்லை. அது ஆபீசர் மேஜைக்குப் போகும். டீக்கடையில் உட்கார்ந்து வாய்க்கு வந்த எண்ணைப் போடுகிற உதவியாளர்களை எனக்குத் தெரியும். நான் அப்படி இல்லை, பொய்யெண் போட மாட்டேன் என்று ஒரு பெருமை வேறு இருந்தது. நான்கு மாதத்துக் கட்டங்களையும் ஒன்றும் எழுதாமல் விட்டேன்.

சென்னையில் கோமதி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இங்கே ஒன்றும் இல்லையே, ஒன்பது போடட்டுமா என்று கேட்டார். போட்டால் பக்கத்துக் கட்டத்தையும் நிரப்ப வேண்டும். தாளில் இருக்கிறபடியே இருக்கட்டும் என்றேன்.

"காலியா இருந்தா காலியாவே விட்டுடறேன் சம்பத் சார். அந்த இடத்துல ஓட்டை விழாது, அவ்ளோதான். மெஷின் என்ன நினைச்சுக்குமோ, அது எனக்குத் தெரியாது."

ஆறு ஆராய்ச்சி

மெஷின் என்ன நினைத்துக்கொண்டது என்பது ஆகஸ்டில் தெரிந்தது. ஓரத்தில் துளை போட்ட, பச்சைக் கோடிட்ட அகலக் காகிதம் கட்டாக வந்தது. எங்கள் ஆபீசர் வரதன், சாப்பாட்டை மறந்து உழைக்கிற மனிதர், அதை மேஜையில் விரித்து வைத்து உற்சாகமாக விளக்கினார். இந்தக் கிராமத்தில் தண்ணீர் மிக மேலே கிடக்கிற கிணறு காலனிக் கிணறு. எல்லாக் கிணறும் இறங்குகிற கோடையில் அது மட்டும் ஏறுகிறது. ஏரிக் கால்வாயிலிருந்து பூமிக்கு அடியில் கசிவு இருக்க வேண்டும் என்று, மண்ணியல் படிக்கிற ஒரு மாணவர் அதற்குள் இரண்டு பக்கம் எழுதிவிட்டிருந்தார். படம்கூடப் போட்டிருந்தார். நான் மே மாதத்து எண்ணைப் பார்த்தேன். பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம். அட்டையில் காலி இடம் வந்தால் மெஷின் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். ஆழம் பூஜ்யம் என்றால் தண்ணீர் கிணற்று விளிம்பில் நிற்கிறது என்று அர்த்தம். காலனி தண்ணீருக்குத் தவிக்கிற மே மாதத்தில், நான் போகாத காரணத்தால், அந்தக் கிணறு நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

ஒன்பது நாள் சும்மா இருந்தேன். ஏன் ஒன்பது என்று கேட்காதீர்கள். தினமும் காலையில் இன்று சொல்லிவிடலாம் என்று மாடிப்படி ஏறுவேன், மாலையில் இறங்குவேன். பத்தாவது நாள் சொன்னேன். வரதன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அந்தக் கிணற்று எண்களை நெல்காரரும் வாங்கியிருக்கிறார், சோகை டாக்டரும் வாங்கியிருக்கிறார், பாசனக்காரர், மழைக்காரர், மண்ணியல் மாணவர், நிலத்தடி நீர்க்காரர் என்று ஆறு பேருடைய வேலையில் அது கலந்துவிட்டது என்றார். ஒரு மெஷினில் எல்லோரும் எல்லோருடைய எண்ணையும் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் பெருமையே. பம்பு வைக்கிற பட்டியலும் மேலே போய்விட்டது. ஒரு திருத்தம் அனுப்பலாமே என்றேன். எந்த எண்ணைப் போட்டு அனுப்புவது என்று திருப்பிக் கேட்டார். போன மே மாதத்துக்கு இனிமேல் போய் அளக்க முடியாதே.

"இந்த ஒரு கிணத்தை உருவினா ஆறு பேர் ஆராய்ச்சி சரியும் சம்பத். பரவாயில்ல, சரியட்டும். எண் கொண்டுவாங்க, நானே கையெழுத்துப் போடறேன். எண் இல்லாம என்னை என்ன செய்யச் சொல்றீங்க?"

முடிச்சு

மறுநாள் விடியற்காலையில் ஊருக்குள் போகாமல் நேரே காலனிக்குப் போனேன். கோடையில் கிணறு எப்படி இருந்தது என்று எஸ்தரிடம் கேட்டேன். அவர் வீட்டுக்குள் போய்த் தண்ணீர் இறைக்கிற கயிற்றை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் போட்டார். தண்ணீர் இறங்க இறங்கக் கயிறு எட்டாது. எட்டாதபோது ஒரு துண்டு சேர்த்து முடிச்சுப் போடுவார்கள். முடிச்சுகள் அப்படியே இருந்தன. இது மார்ச்சில், பரீட்சைக்கு முந்தி போட்டது. இது பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், மாமியார் கயிறு போதவில்லை என்று கத்தினபோது போட்டது. இது பள்ளிக்கூடம் லீவு விட்ட பிறகு, பக்கத்து வீட்டுக் கயிற்றை வாங்கிச் சேர்த்தது. ஜூனுக்கு முடிச்சு இல்லை. ஜூனில் குடத்தில் சேறுதான் வந்தது.

கயிற்றைத் தரையில் நீளமாகப் போட்டு, பக்கத்தில் என் இரும்பு டேப்பைப் போட்டு, முடிச்சு முடிச்சாக அளந்தேன். மார்ச், ஏப்ரல், மே மூன்றுக்கும் எண் கிடைத்தது. ஜூனுக்குக் காரணம் ஒன்று, வற்றிவிட்டது. கட்டங்களை நிரப்பினேன். அப்போதும் அவரிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. கோடையில் நான் வராததால் ஒருமுறை சரிபார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். எஸ்தர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"நாங்க மாசா மாசம் அளந்துக்கினு தான் இருந்தோம் சார். எத்தினி மொயம்னு கேக்க தான் ஆள் வர்ல."

இரண்டாவது காகிதம்

புதிய எண்களை எடுத்துக்கொண்டு சென்னைக்கு ஓடினேன். கோமதி சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அட்டை அடித்துக் கொடுத்தார். ஜன்னல்காரர் யாரையும் கேட்காமல் என் கட்டை முன்னால் விட்டார். மெஷின் ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. காலனிக் கிணறு வரிசையின் தலைக்கு வந்துவிட்டது. கிராமத்தில் தண்ணீருக்கு முதலில் தவிக்கிற இடம் என்று. வரதன் சொன்னபடி கையெழுத்துப் போட்டார். ஆறு பேருக்கும் அவரே கடிதம் எழுதினார். இரண்டு பேர் திருத்திக்கொண்டார்கள். பூமிக்கு அடியில் கசிவு கண்டுபிடித்த மாணவர் அதற்குள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டிருந்தார். அவர் கசிவை இன்றைக்கும் யாராவது மேற்கோள் காட்டுவார்கள் என்று நினைக்கிறேன்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்தவர் பொறுமையாகப் படித்தார். போர் போடுகிற லாரி முந்தின வாரமே வந்துவிட்டுப் போயிற்று என்றார். ஊர்த் தெருவில், தெய்வசிகாமணியின் மாட்டுக் கொட்டகைச் சுவரை ஒட்டிப் பம்பு நின்றுவிட்டது. இனி அடுத்த திட்டம் வரும்போது பார்க்கலாம் என்று என் காகிதத்தைக் கோப்பில் சேர்த்துக்கொண்டார். அவர்மேல் தப்பில்லை. அவரிடம் இருந்த பட்டியலில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அடுத்த திட்டம் வந்தபோது நான் அந்தக் கிராமத்தில் இல்லை. வேறு கிராமம் கேட்டு வாங்கிக்கொண்டேன். எதற்காகக் கேட்டேன் என்று வரதனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தக் கிராமத்தை விடுவதற்கு முன்னால் ஒருமுறை எஸ்தரைப் பார்த்தேன். தெய்வசிகாமணியின் வயலில் நடவு. பன்னிரண்டு பெண்கள் குனிந்திருந்தார்கள். அன்றைக்குப் பக்கத்து ஊரில் கூடுதல் கூலிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பது வழியிலேயே என் காதில் விழுந்திருந்தது. வரப்பில் நின்று கூப்பிட்டேன். சேற்றிலிருந்து வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். காலிக் கட்டம், பூஜ்யம், கிணறு வழிந்தது, ஒன்பது நாள், எல்லாம். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த இரண்டாவது காகிதத்தின் நகலைக்கூடக் காட்டினேன். இப்போது மெஷின் நீங்கள்தான் முதல் என்று சொல்கிறது என்றேன். எதற்காக அதைச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மன்னிப்பு வாங்கவா? கடைசியில் நானும் சரியாகத்தான் செய்தேன் என்று காட்டவா? அவர் கையில் நாற்று முடி இருந்தது, காகிதத்தைத் தொடவில்லை. படிவத்தில் நான் எழுதாமல் விட்ட காரணம் என்ன என்று மட்டும் கேட்டார். உதவியாளர் போகவில்லை என்பது, என்றேன். பின்னால் தெய்வசிகாமணியின் ஆள் சத்தம் போட்டான். திரும்பிப் போகிறபோது சொன்னார், சத்தமாகக்கூட இல்லை.

"வர்லன்னு எய்தி இருந்தா போதுமே சார். நீங்க வர்லன்னு எங்களுக்கு தெரியும், உங்களுக்கு தெரியும். அந்த மிஷினாண்ட மட்டும் இன்னாத்துக்கு மறைச்சீங்க?"

விஞ்ஞானத்துக்குப் பதினேழு வருடம் உழைத்ததில் நான் கண்டது இவ்வளவுதான்: எத்தனை பெரிய கம்ப்யூட்டர் வந்தாலும், அது எத்தனை துறைக்குப் பதில் சொன்னாலும், மே மாத வெயிலில் அரை மைல் நடக்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது, அந்த ஆள் நானாக இல்லாமலிருப்பது நல்லது.